சைபர்டிரக்: கேலிக்கு அப்பால்

2019 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஹாத்தோர்ன் என்னும் ஊரில், டெஸ்லா நிறுவனம் தன் மின்சார பிக்கப் டிரக்கை உலகுக்குக் காட்டியது. எளிதில் உடையாத கண்ணாடி என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஜன்னலின் மீது நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளரே ஓர் உலோகக் குண்டை எறிந்தார். கண்ணாடி விரிசல் விட்டது. பின்பக்க ஜன்னலிலும் எறிந்து பார்த்தார். அதுவும் விரிசல் விட்டது. அந்த இரண்டு விரிசல்களுக்கு முன்னால் நின்றபடியே எலான் மஸ்க் மீதி உரையை முடிக்க வேண்டியதாயிற்று.

அன்று எழுந்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. குப்பைத் தொட்டி, சக்கரம் வைத்த குளிர்சாதனப் பெட்டி, குழந்தை ஸ்கேல் வைத்து வரைந்த கார் என்று சைபர்டிரக்குக்கு எத்தனையோ பட்டப்பெயர்கள். எதிர்முகாமில் இருப்போர் இதுவே எதிர்காலத்தின் வாகனம் என்கின்றனர். இந்த இரண்டு அபிப்பிராயங்களும் வாகனத்தின் வடிவத்தையும் அதன் உரிமையாளரின் முகத்தையுமே பார்க்கின்றன. இந்த வாகனம் யாருக்காக, யாருடைய பணத்தில், எத்தகைய உழைப்பு உறவில் உருவாயிற்று என்ற கேள்வி இரண்டு முகாம்களிலும் எழவில்லை. மின்சாரப் போக்குவரத்துக்கு மாறும் பணி சந்தையிடம் ஒப்படைக்கப்பட்டால் என்ன விளையும் என்பதற்குச் சைபர்டிரக்கைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. இந்தியாவிலும் அந்த மாற்றம் தொடங்கிவிட்ட நிலையில், தொழிலாளி வர்க்க இயக்கம் இந்தச் சாட்சியத்தை ஒதுக்கிவிட முடியாது.

முதலில் வாக்குறுதிகளைப் பார்க்கலாம். 2019இல் அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 39,900 டாலர். உயர்ரக மாதிரி ஒருமுறை மின்னேற்றினால் 500 மைலுக்கு மேல், அதாவது 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்றனர். உற்பத்தி 2021இல் தொடங்கும் என்றனர். நூறு டாலர் முன்பணம் கட்டி முன்பதிவு செய்தோர் பத்து லட்சத்துக்கும் மேல் என்று நிறுவனம் பெருமை பேசியது. முதல் வாகனங்கள் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் ஆலையில் வாடிக்கையாளர்களிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் 2023 நவம்பர் 30. அன்று உண்மையில் விற்பனைக்கு இருந்த இரண்டு மாதிரிகளின் விலை 79,990 டாலர், 99,990 டாலர். ஓடும் தூரம் அதிகபட்சம் 340 மைல். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வாகனங்கள் தயாராகும் என்று மஸ்க் கணித்திருந்தார். 2024இல் அமெரிக்காவில் விற்றவை ஏறத்தாழ 39,000. 2025இல் அதிலும் பாதியளவே.

விற்பனை எண்ணிக்கையை நிறுவனம் தனியாக வெளியிடுவதில்லை. ‘மற்ற மாதிரிகள்’ என்ற தலைப்பின்கீழ் மறைத்து வைக்கிறது. எத்தனை விற்றன என்று ஓரளவு துல்லியமாகத் தெரியவந்ததே ஒரு குறைபாட்டின் வழியாகத்தான். 2025 மார்ச்சில், பசையால் ஒட்டப்பட்ட வெளிப்புறத் தகடு ஓடும்போதே கழன்று விழக்கூடும் என்பதால் 46,096 வாகனங்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அதுவரை தயாரானவற்றில் ஏறக்குறைய அனைத்துமே அந்தக் கணக்கில் அடங்கிவிட்டன.

அதற்கு ஓராண்டு முன்பு, 2024 ஏப்ரலில், வேறொரு திரும்ப அழைப்பு. ஆக்சிலரேட்டர் மிதியின் மேலுறை நழுவிச் சிக்கிக்கொண்டால் வாகனம் வேகமெடுத்தபடியே இருக்கும் என்ற ஆபத்து. அதுவரை விற்ற 3,878 வாகனங்களும் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அரசுக்கு அளித்த விளக்கத்தில் ஒரு விவரம் இருந்தது: மேலுறையை மிதியில் பொருத்துவதை எளிதாக்க, உற்பத்தியின்போது அனுமதியின்றிச் சோப்பு பயன்படுத்தப்பட்டது, அதன் மிச்சம் ஒட்டியிருந்ததால் பிடிப்பு குறைந்தது. ஊடகங்கள் இதையும் நகைச்சுவையாக்கின. சோப்பு தடவாமல் ஏறாத ஓர் உறுப்பை வடிவமைத்தது யார், உற்பத்தி வரிசையின் வேகத்தை முடிவு செய்தது யார், ‘இது பொருந்தவில்லை, வரிசையை நிறுத்துங்கள்’ என்று சொல்லும் உரிமை அந்த ஆலைத் தொழிலாளிக்கு இருந்ததா என்ற கேள்விகளை அவை எழுப்பவில்லை. தொழிற்சங்கம் உள்ள ஆலையில் இவை சாதாரணக் கேள்விகள். டெஸ்லாவின் அமெரிக்க ஆலை எதிலும் தொழிற்சங்கம் இல்லை.

உள்ளே இருப்பவருக்கு மட்டும்

சைபர்டிரக்கின் எடை சுமார் மூன்று டன். உடல் முழுவதும் துருப்பிடிக்காத எஃகு. எவர்சில்வர் பாத்திரம் புழங்கும் எந்தச் சமையலறையிலும் கைரேகை படியும், பராமரிக்காவிட்டால் கறை நிற்கும் என்பது தெரிந்த செய்தி. டெஸ்லாவின் கையேடும் பறவை எச்சத்தையும் மரப்பிசினையும் உடனே துடைக்கச் சொல்கிறது. அது சிறிய விஷயம். எஃகைத் தேர்ந்ததன் பின்னால் இருந்த மனநிலைதான் பெரிய விஷயம். துப்பாக்கித் தோட்டா துளைக்காது என்பதைக் காணொளியோடு விளம்பரப்படுத்தினர். வாகனங்களை ஒப்படைத்த விழாவில் மஸ்க், நாகரிகத்தின் அந்திமக் காலம் போலத் தோன்றுகிறது, ஊழி எந்நேரமும் வரலாம், ஊழிக்கான சிறந்த தொழில்நுட்பம் தம்மிடம் உண்டு என்ற பொருளில் பேசினார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் விற்கப்பட்ட பொருள் அதுதான்.

மின்சார வாகனத்துக்கான அடிப்படை நியாயம் பூமி வெப்பமாவதைத் தடுப்பது. அது கூட்டாக மட்டுமே தீர்க்கக்கூடிய பிரச்சனை. அந்த நியாயத்தின் பெயரால் வந்த வாகனமே, தீர்வு வராது, ஊழி வரும்போது உன்னை மட்டும் காப்பாற்றிக்கொள் என்று லட்ச டாலர் வைத்திருப்பவனிடம் சொல்கிறது. சாலையில் அவனுக்கு வெளியே இருக்கும் மற்ற அனைவரும் சாத்தியமான எதிரிகள். வர்க்கப் பிளவு இத்தனை அப்பட்டமாக உலோகத்தில் வார்க்கப்பட்டது அண்மைக் காலத்தில் வேறு இல்லை.

பாதுகாப்புக் கணக்கிலும் இதே பிளவு தெரிகிறது. 2025இல் அமெரிக்க அரசின் மோதல் சோதனையில் சைபர்டிரக் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நட்சத்திரங்கள் வாகனத்துக்கு உள்ளே அமர்ந்திருப்பவரின் பாதுகாப்பை மட்டுமே அளக்கின்றன. எதிரே நடந்து வருபவர் அந்தக் கணக்கில் இல்லை. அமெரிக்காவில் 2009இல் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் சுமார் 4,100 பேர். 2023இல் 7,300க்கும் மேல். இதற்குப் பல காரணங்கள் உண்டு. வாகனங்களின் உருவம் பெருத்தது அவற்றில் ஒன்று. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, பானெட்டின் உயரம் ஒரு மீட்டரைத் தாண்டிய வாகனங்கள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு தாழ்வான, சரிந்த முகப்புள்ளவற்றைவிட 45 சதவீதம் வரை அதிகம் என்று கண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளிப்புறக் கூர்முனைகளுக்கும் பாதசாரிப் பாதுகாப்புக்கும் கறாரான விதிகள் உண்டு. சைபர்டிரக் அங்கே விற்பனைக்கு வரவில்லை.

சந்தையின் தேர்வு என்னும் கட்டுக்கதை

அமெரிக்கர்கள் பெரிய வாகனங்களை விரும்புகிறார்கள், நிறுவனங்கள் அதைத் தயாரிக்கின்றன என்பது வழக்கமான வாதம். இந்த ‘விருப்பம்’ எவ்வாறு விளைவிக்கப்பட்டது என்பதன் வரலாறு சுவையானது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு மேற்கு ஐரோப்பிய நாடுகள் சுங்கவரியை உயர்த்தின. பதிலடியாக அதிபர் ஜான்சனின் அரசு, 1964 முதல், இறக்குமதியாகும் சிறு டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. அப்போது பிராந்திக்கும் உருளைக்கிழங்கு மாவுக்கும்கூட வரி போட்டார்கள். அவையெல்லாம் பின்னர் மறைந்தன, டிரக் வரி மட்டும் நிலைத்தது. ‘கோழி வரி’ என்ற பெயரோடு அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட இந்தச் சுவர்தான் பிக்கப் டிரக்கை அமெரிக்க ஏகபோகங்களின் காமதேனு ஆக்கியது. சுதந்திர வர்த்தகம் பற்றி உலகுக்கு உபதேசிக்கும் நாட்டின் மிக லாபகரமான வாகனச் சந்தை, சுங்கச் சுவருக்குள் வளர்ந்தது.

அடுத்தது வரிச்சலுகை. மொத்தச் சுமையெடை 6,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 2,720 கிலோவுக்கு மேற்பட்ட வாகனத்தைத் தொழிலுக்காக வாங்கியதாகக் காட்டினால், வழக்கமான காருக்குரிய உச்சவரம்பைத் தாண்டி அதன் விலையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அமெரிக்க வரிச்சட்டம் அனுமதிக்கிறது. வாகனம் கனக்கக் கனக்க வரி குறைகிறது. பைடன் ஆட்சியில் 2022இல் வந்த சட்டம் மின்சார வாகனம் வாங்குவோருக்கு 7,500 டாலர் வரிச்சலுகை தந்தது. சாதாரணக் கார் என்றால் விலை 55,000 டாலருக்குள் இருக்க வேண்டும். பிக்கப் டிரக் என்றால் 80,000 வரை இருக்கலாம். 2025இல் சைபர்டிரக்கின் இரட்டை மோட்டார் மாதிரியின் விலை 79,990 டாலராக இருந்தது. பத்து டாலர் இடைவெளியில் அது 2025இல் அந்தச் சலுகையைப் பெற்றது. பேருந்துக்குக் காத்திருக்கும் துப்புரவுத் தொழிலாளியும் வரி கட்டுகிற நாட்டில், ஊழிக்கவச வாகனம் வாங்குபவருக்குப் பொதுப்பணத்திலிருந்து மானியம் போயிற்று. டிரம்ப் ஆட்சி அந்தச் சலுகையை 2025 செப்டம்பர் 30உடன் நிறுத்திவிட்டது. அது ஏழைகளின் பக்கம் நின்று எடுத்த முடிவல்ல. எண்ணெய் முதலாளிகளின் பக்கம் நின்று எடுத்தது.

டெஸ்லாவே பொதுப்பணத்தில் நிமிர்ந்த நிறுவனம். 2010இல் அமெரிக்க எரிசக்தித் துறை 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2013இல் அது திருப்பிச் செலுத்தப்பட்டது. மாசு விதிகளை நிறைவேற்றாத பிற கார் நிறுவனங்களுக்கு ஒழுங்குமுறைப் புள்ளிகளை விற்பதில் மட்டும் 2024இல் டெஸ்லா ஈட்டியது 276 கோடி டாலர். 2025 முதல் காலாண்டில் இவ்வகை வருவாய் 59.5 கோடி டாலர்; நிகர லாபமோ 40.9 கோடிதான். அரசு விதி இல்லையென்றால் அந்தக் காலாண்டு நட்டம். அதே மாதங்களில் அந்த முதலாளி வாஷிங்டனில் அமர்ந்து, அரசுச் செலவைக் குறைப்பதாகச் சொல்லி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 2025 மார்ச்சில் வெள்ளை மாளிகை முற்றத்தில் சைபர்டிரக் உள்ளிட்ட டெஸ்லா வாகனங்களை நிறுத்தி அதிபரே விளம்பரம் செய்தார். டெஸ்லா விற்பனையகங்களின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டு கண்டனம் முழங்கியது நியாயமான அரசியல் கோபம். தனிநபர்கள் வாகனங்களுக்குத் தீவைத்ததை அதனோடு சேர்த்துக் கொண்டாட முடியாது. அது இயக்கம் கட்டுவதற்கு உதவவில்லை. எதிர்ப்பு முழுவதையும் பயங்கரவாதம் என்று முத்திரை குத்த ஆட்சியாளருக்கே உதவியது.

தோல்வியின் விலை

சைபர்டிரக் விற்கவில்லை என்று மகிழ்பவர்கள், அந்தத் தோல்வியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில், விற்பனை சரிந்த நிலையில், உலக அளவில் பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட ஊழியர்களை நீக்குவதாக டெஸ்லா அறிவித்தது. சைபர்டிரக் தயாராகும் ஆஸ்டினில் மட்டும் சுமார் 2,700 பேர். அதே வாரத்தில்தான் மஸ்க்கின் 5,600 கோடி டாலர் ஊதியத் திட்டத்தை மீண்டும் அங்கீகரிக்கும்படி பங்குதாரர்களிடம் கேட்கப்பட்டது. 2025 நவம்பரில் இலக்குகளை எட்டினால் ஒரு லட்சம் கோடி டாலர் வரை பெறக்கூடிய புதிய திட்டத்துக்கும் அவர்கள் ஒப்புதல் தந்தார்கள். வாகனம் தோற்கலாம்; முதலாளி தோற்பதில்லை.

டெஸ்லாவின் கலிஃபோர்னியா ஆலை இருக்கும் ஃப்ரீமாண்டில் முன்பு ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக ஓர் ஆலை நடத்தின. அங்கே ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் இருந்தது. 2010இல் அது மூடப்பட்டது. அதே கட்டடத்தை டெஸ்லா 4.2 கோடி டாலருக்கு வாங்கியது. கூரை அதே கூரை, சங்கம் மட்டும் போய்விட்டது. சந்தா கட்டிப் பங்குச் சலுகையை எதற்காக இழக்க வேண்டும் என்ற தொனியில் 2018இல் மஸ்க் பொதுவெளியில் எழுதியதை மிரட்டல் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2021இல் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பேச்சுச் சுதந்திரம் என்று சொல்லி ரத்து செய்தது.

இதற்கு எதிர்முனையில் ஸ்வீடன் இருக்கிறது. கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட டெஸ்லா மறுத்ததால் 2023 அக்டோபர் 27 அன்று உலோகத் தொழிலாளர் சங்கமான ஐஎஃப் மெட்டாலைச் சேர்ந்த மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். எண்ணிக்கையில் மிகச் சிலர்தாம். துறைமுகத் தொழிலாளர் டெஸ்லா கார்களை இறக்க மறுத்தனர். அஞ்சல் ஊழியர் புதிய கார்களுக்கான எண் பலகைகளைக் கொண்டு சேர்க்க மறுத்தனர். டென்மார்க், நார்வே, ஃபின்லாந்து சங்கங்களும் தோள் கொடுத்தன. இரண்டாண்டுகளைக் கடந்தும் போராட்டம் நீண்டது. உடனடி வெற்றி கிட்டவில்லை என்பதும் உண்மை. உலகின் மிகப் பெரிய செல்வந்தரின் நிறுவனம் ஒரு சங்கத்தைப் பணிய வைக்க முடியவில்லை என்பதும் உண்மை.

எனினும் எல்லாவற்றையும் ஒரு தனிமனிதரின் கிறுக்குத்தனமாகச் சுருக்குவது பிழையாகும். ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-150 லைட்னிங் சங்கத் தொழிலாளர்கள் தயாரித்த மின்சார பிக்கப். வடிவத்திலும் எந்த விநோதமும் இல்லை. அதுவும் 2021இல் 40,000 டாலருக்குள் அறிவிக்கப்பட்டு விலை மளமளவென்று ஏறியது. 2025 டிசம்பரில் அதன் உற்பத்தியை நிறுத்துவதாகவும், மின்சார வாகனத் திட்டங்களை மாற்றுவதால் 1,950 கோடி டாலர் இழப்பை ஏற்பதாகவும் ஃபோர்டு அறிவித்தது. ஜெனரல் மோட்டார்ஸின் மின்சார ஹம்மர் நான்கு டன்னுக்கும் மேல் கனக்கிறது. ஒரு வாகனத்துக்கு அதிக லாபம் பெரிய வாகனத்தில்தான் என்பதால் மூன்று நிறுவனங்களும் ஒரே பள்ளத்தில் விழுந்தன. மலிவான சிறிய மின்சாரக் கார் வேண்டும் என்று கேட்ட தொழிலாளிக்கு இந்தப் பெரிய வாகனங்களில் பதில் இல்லை.

பதினேழு ஆட்டோக்கள்

சைபர்டிரக்கின் பேட்டரி கொள்ளளவு 123 யூனிட். இந்தியாவில் ஓடும் லித்தியம் பேட்டரி ஆட்டோ ஒன்றுக்குச் சுமார் 7 யூனிட் போதும். ஒருவர் தனியாக அமர்ந்து அலுவலகம் போகும் அந்த எஃகுப் பெட்டியின் பேட்டரியைக் கொண்டு பதினேழு ஆட்டோக்களை ஓட்டலாம். பதினேழு குடும்பங்கள் பிழைக்கலாம். சிலியின் அட்டகாமா பாலைவனத்து உப்புநீரிலிருந்தும் பிற நாட்டுச் சுரங்கங்களிலிருந்தும் தோண்டி எடுக்கப்படும் கனிமங்கள் அளவற்றவை அல்ல. அவற்றை எதற்குச் செலவிடுவது என்பது பொறியியல் முடிவு மட்டுமல்ல, அரசியல் முடிவு.

2023இல் மின்சார மூன்று சக்கர வாகன விற்பனையில் சீனாவைத் தாண்டி உலகில் முதலிடம் பிடித்தது இந்தியா. அந்த ஆண்டு விற்றவை ஐந்தரை லட்சத்துக்கும் மேல். ஆனால் இந்திய அரசின் கவனம் வேறு பக்கம் இருந்தது. 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட கொள்கை, 4,150 கோடி ரூபாய் முதலீட்டுக்கு உறுதியளிக்கும் நிறுவனம் 35,000 டாலருக்கு மேற்பட்ட விலையுள்ள மின்சாரக் கார்களை 15 சதவீதச் சுங்கத்தில் ஆண்டுக்கு 8,000 வரை இறக்குமதி செய்யலாம் என்றது. யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதை அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. டெஸ்லாவுக்கு இங்கே தயாரிப்பில் ஆர்வமில்லை, விற்பனையகம் திறப்பதில்தான் ஆர்வம் என்று 2025 ஜூனில் மத்திய அமைச்சர் குமாரசாமியே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் விற்பனையகம் திறந்தது. கார் விலை ஏறத்தாழ 60 லட்சம் ரூபாய். வட இந்திய நகரங்களில் இ-ரிக்‌ஷா ஓட்டும் பல லட்சம் பேரோ தனியாரிடம் கடன் வாங்கி, அடிக்கடி மாற்ற வேண்டிய ஈய-அமில பேட்டரியோடு, எந்தச் சமூகப் பாதுகாப்பும் இன்றி ஓடிக்கொண்டிருக்கின்றனர்.

மின்சார வாகனம் என்றாலே பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கும் போக்கு தொழிற்சங்க அணிகளில் சிலரிடம் உண்டு. புதிய தொழில்நுட்பம் வந்தாலே முன்னேற்றம் என்று நம்பும் போக்கும் உண்டு. இந்த இரண்டும் உதவாது என்பதைப் பேருந்துப் பணிமனைகளில் காணலாம். 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ‘பி.எம். இ-பஸ் சேவா’ திட்டத்தின் மதிப்பீடு 57,613 கோடி ரூபாய். பத்தாயிரம் மின்சாரப் பேருந்துகள். திட்டம் நல்லதுதான். ஆனால் பேருந்து தனியார் நிறுவனத்தின் உடைமை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு பணம் கட்டும். ஓட்டுநர் ஒப்பந்ததாரரின் ஆள். காலியாக ஓடினாலும் ஒப்பந்ததாரருக்குப் பணம் உறுதி. ஓட்டுநருக்கு வேலை உறுதியில்லை. மும்பை பெஸ்ட் நிறுவனத்தில் குத்தகைப் பேருந்து ஓட்டுநர்கள் 2023 ஆகஸ்டில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, நகரின் பேருந்துச் சேவை பெரிதும் பாதிக்கப்பட்டது. அவர்கள் யாருடைய ஊழியர் என்ற கேள்விக்குத்தான் பொறுப்பேற்கும் பதில் வரவில்லை.

போக்குவரத்துக் கழகங்களே மின்சாரப் பேருந்துகளை வாங்கி உடைமையாக வைத்திருக்க வேண்டும்; டீசல் இன்ஜின் பழுது பார்த்த பணிமனை மெக்கானிக்குக்கு மோட்டாரிலும் பேட்டரியிலும் பயிற்சி தந்து அதே வேலையில் நிறுத்த வேண்டும்; ஆட்டோ, இ-ரிக்‌ஷா ஓட்டுநர்களுக்குக் கூட்டுறவு வங்கிகளின் குறைந்த வட்டிக் கடனும் பேட்டரி மாற்று நிலையங்களும் வேண்டும். இவை கிடைக்காத கனவுகள் அல்ல. செலவாகும் பணம் இப்போதும் பொதுப்பணம்தான். அது போய்ச் சேரும் கை மட்டுமே மாற வேண்டும்.

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் இதே ஒப்பந்த முறையில் புறப்பட்டன. நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழக ஊழியர். ஓட்டுநர் தனியார் நிறுவன ஊழியர். ஒரே பேருந்தில், ஒரே பணிநேரத்தில், இரண்டு வேறு முதலாளிகளின்கீழ் இருவர். அந்த ஓட்டுநர் எந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்பதை ஒவ்வொரு பணிமனையிலும் போக்குவரத்து அரங்கத் தோழர்கள் இன்றே கேட்டறிய வேண்டும்.